மேக்கில் மென்பொருள் ஏறவில்லையா, அப்டேட் நிற்கிறதா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

மேக் வாங்கிய புதிதில் பலரும் திணறுகிற இடம் இது. ஒரு ஆப்பை இறக்கி நிறுவப் போனால் "திறக்க முடியாது" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், இல்லையென்றால் சிஸ்டம் அப்டேட் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பட்டை முக்கால்வாசி நகர்ந்து அப்படியே உறைந்துவிடும். உடனே இணையத்தில் தேடி, யாரோ எப்போதோ எழுதிய கட்டளையை டெர்மினலில் (எழுத்தில் கட்டளை கொடுக்கும் ஆப்) ஒட்டி, பாதுகாப்பு அமைப்பை அணைத்து, கடைசியில் டிஸ்கையே அழித்துப் புதிதாகப் போடுகிற வரைக்கும் போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டிய கோளாறுகள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையில் டெர்மினலைத் தொடவே போவதில்லை. மவுஸும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒரு மென்பொருள் உங்கள் மேக்கில் வந்து சேர நான்கு கட்டங்களைத் தாண்டவேண்டும். இணையத்திலிருந்து இறங்கவேண்டும், அது உண்மையான கோப்புதானா என்று மேக் சரிபார்க்கவேண்டும், டிஸ்கில் எழுதப்படவேண்டும், கடைசியாகத் திறந்து ஓடவேண்டும். பிழைச் செய்தி வந்தவுடன் நீங்கள் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, இந்த நான்கில் எதில் நின்றது என்பதுதான். இறங்கும்போது நின்றால் இணைப்பையும் இடத்தையும் பாருங்கள். சரிபார்ப்பில் நின்றால் தேதி, கோப்பு, இணைப்பு. எழுதும்போது நின்றால் டிஸ்க், அனுமதி. திறக்கும்போது நின்றால் பதிப்பும் சிப்பும்.

அதனால் பிழைப் பெட்டியை அவசரத்தில் மூடிவிடாதீர்கள். ஷிஃப்ட், கமாண்ட், 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை அப்படியே படமாகி டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் "ஏதோ எரர் வந்தது" என்று சொல்வதைவிட அந்தப் படம் நூறு மடங்கு உதவும்.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை. இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் மெனுவில் "அபவுட் திஸ் மேக்" திறந்து, "சிப்" என்று போட்டு எம்1, எம்2 என்று இருக்கிறதா, "புராசஸர்" என்று போட்டு இன்டெல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழே மேக் ஓஎஸ் பதிப்பும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும். அடுத்தது பேக்கப். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகி டைம் மெஷினில் (மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதி) ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அப்டேட் சிக்கல்களில் கோப்புகள் பறிபோவது அபூர்வம்தான், ஆனால் பறிபோனவருக்கு அந்த அபூர்வக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

இடமும் நேரமும் இணைப்பும்

பாதிப் பிழைகள் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம், அதனால் எந்தச் செய்தி வந்திருந்தாலும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் இடம். மேக் ஓஎஸ்ஸின் புதிய பதிப்புக்கு, இறங்கும் கோப்பு மட்டுமே 12 ஜிபிக்கு மேல் இருக்கும். அதை விரித்து வைத்து வேலை செய்ய அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். 2020-இல் வந்த பிக் சர் பதிப்புக்கு 35.5 ஜிபி காலி இடம் தேவை என்று ஆப்பிளே சொன்னது, ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து தாவுகிறவர்களுக்கு 44.5 ஜிபி வரை. அந்த நேரத்தில் இடம் போதுமா என்று சரியாகப் பார்க்காமலே நிறுவி (இன்ஸ்டாலர்) ஓடத் தொடங்கிவிடுகிற கோளாறும் இருந்தது, பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 2021 பிப்ரவரியில்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே பெரிய பதிப்பு மாற்றம் என்றால் 40 ஜிபியாவது காலியாக வைத்துவிட்டு இறங்குங்கள்.

"சிஸ்டம் செட்டிங்ஸ்", "ஜெனரல்", "ஸ்டோரேஜ்" என்று போனால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். இங்கே புதியவர்கள் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. ஃபைண்டர் (கோப்புகளைப் பார்க்கும் ஜன்னல்) 50 ஜிபி காலி என்று காட்டும், நிறுவி மட்டும் இடம் போதவில்லை என்று அடம்பிடிக்கும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. தேவைப்பட்டால் மேக் தானே அழித்துக்கொள்ளக்கூடிய கோப்புகளையும் காலி இடம் என்று ஃபைண்டர் சேர்த்துக் காட்டுகிறது. உண்மையாகவே காலியாக இருப்பது எவ்வளவு என்பது மேக்கிலேயே உள்ள "டிஸ்க் யுட்டிலிட்டி" ஆப்பில் தெரியும். அந்த வித்தியாசத்தில் டைம் மெஷின் உள்ளேயே எடுத்து வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு (கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள்) பெரிய பங்கு இருக்கும். டிஸ்க் யுட்டிலிட்டியில் "டேட்டா" என்று முடியும் வால்யூமை (டிஸ்கின் ஒரு பிரிவு) தேர்ந்தெடுத்து, "வியூ" மெனுவில் "ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ்" என்பதைச் சொடுக்கினால் கீழே பட்டியல் வரும் (மான்டரே பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது). வெளி டிஸ்கில் பேக்கப் முடிந்திருந்தால் இவற்றை அழிக்கலாம். அப்புறம் ட்ராஷைக் காலி செய்யுங்கள், டவுன்லோட்ஸில் குவிந்து கிடக்கும் டிஎம்ஜி கோப்புகளை (ஆப்களை உள்ளே வைத்து வரும் கோப்புகள்) தூக்கிப் போடுங்கள், பழைய ஐபோன் பேக்கப்புகளைப் பாருங்கள். இதற்கென்று "கிளீனர்" ஆப் எதையும் நிறுவாதீர்கள். அவற்றில் பல, நீக்கக் கூடாததையும் சேர்த்து நீக்கி, இருக்கும் பிரச்சினைக்குமேல் இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும்.

அடுத்தது நேரம். பேட்டரி முழுதாகத் தீர்ந்து பல வாரம் கிடந்த மேக்கில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். மென்பொருள்களின் சான்றிதழ்களுக்கு (இன்னார் செய்தது என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) தொடக்கத் தேதி, காலாவதித் தேதி இரண்டும் உண்டு என்பதால், மேக்கின் கடிகாரம் தவறாக இருந்தால் நல்ல கோப்பையும் போலி என்று தள்ளிவிடும். "ரிக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற செய்திக்கும் (ரிக்கவரி என்பது மேக்கைச் சரிசெய்ய உள்ள தனித் திரை) பல நேரம் இதுவே காரணம். "ஜெனரல்", "டேட் அண்ட் டைம்" போய்த் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியை அணைத்து மறுபடி இயக்குங்கள், நேர மண்டலமும் சரியா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியாக இணைப்பு. விபிஎன் (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) இருந்தால் அணையுங்கள். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் சேவை) போட்டிருந்தால் அதையும் தற்காலிகமாக எடுங்கள், ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் வலைப் பாதுகாப்பையும். அலுவலகம் அல்லது கல்லூரி வைஃபையில் ஆப்பிளின் சில சர்வர்கள் தடுக்கப்பட்டிருக்கலாம், வேறு இணைப்பில் ஒரு முறை முயன்றாலே தெரிந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் சின்ன ஆப்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக்கில் 12 ஜிபி அப்டேட்டைப் போட்டால் நடுவில் வேகம் குறைந்து நிற்கத்தான் செய்யும். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லையா? ஆப்பிளின் "சிஸ்டம் ஸ்டேட்டஸ்" பக்கத்தைத் திறந்து, அவர்கள் பக்கமே கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியிலிருந்து இறக்கிய ஆப் திறக்க மறுக்கிறது

ஆப் ஸ்டோருக்கு வெளியே, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கும் ஆப்களில் வருகிற செய்திகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருள் வேறு வேறு.

இதில் தீங்கான மென்பொருள் இல்லை என்று ஆப்பிளால் உறுதிசெய்ய முடியவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், கோப்பு கெட்டுப்போகவில்லை. தயாரிப்பாளர் அதை ஆப்பிளிடம் அனுப்பிச் சரிபார்த்து முத்திரை வாங்கவில்லை, அவ்வளவுதான். 2019-இல் வந்த கேட்டலினா முதல் இந்த முத்திரையை மேக் எதிர்பார்க்கிறது. முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கி "ஓப்பன்" கொடுத்தால் திறந்துவிடும், இணையத்தில் இன்னும் அந்த யோசனைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024-இல் வந்த செக்வோயாவில் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது செய்யவேண்டியது: ஆப்பை ஒரு முறை திறக்க முயலுங்கள், செய்தி வந்ததும் "டன்" கொடுங்கள், பிறகு "சிஸ்டம் செட்டிங்ஸ்" போய் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி"யில் கீழே வரை உருட்டுங்கள். அந்த ஆப்பின் பெயரோடு "ஓப்பன் எனிவே" என்ற பொத்தான் இருக்கும். சுமார் ஒரு மணி நேரம்தான் அது அங்கே இருக்கும். காணோம் என்றால் ஆப்பை மறுபடி திறக்க முயன்றுவிட்டு வந்து பாருங்கள். ஆனால் ஒன்று, ஆப் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அந்தப் பொத்தானைத் தொடுங்கள். காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளை இலவசமாகத் தருகிறேன் என்ற தளத்திலிருந்து வந்ததென்றால் இந்த எச்சரிக்கை உங்களைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறது, கோப்பை ட்ராஷில் போடுங்கள்.

"ஆப் சேதமடைந்துள்ளது, ட்ராஷுக்கு நகர்த்துங்கள்" என்று வந்தால் கதை வேறு. பெரும்பாலும் இறக்கம் முழுமையடையவில்லை, அல்லது கோப்பின் கையொப்பம் பொருந்தவில்லை. அதை அழித்துவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள், முடிந்தால் வேறு பிரவுசரில். பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்த பழைய மேக் ஓஎஸ் நிறுவிகளிலும் இதே செய்தி வரும். ஆப்பிளின் ஒரு சான்றிதழ் 2019 அக்டோபரில் காலாவதியானதால், அதற்கு முன் இறக்கிய பல நிறுவிகள் ஒரே நாளில் "சேதமடைந்தவை" ஆகிவிட்டன. அவற்றையும் ஆப்பிளிடமிருந்து மறுபடி இறக்கிக்கொள்வதே சரி.

இந்த வகை மேக்குக்கு ஆதரவில்லை என்று வந்து, ஐகான் மேல் குறுக்குக் கோடு போட்ட வட்டம் தெரிந்தால், அந்த ஆப் பெரும்பாலும் வேறு சிப்புக்காகச் செய்தது. ஆப்பிள் சிப்புக்கு மட்டும் செய்த ஆப் இன்டெல் மேக்கில் ஓடாது. மறுபக்கம், இன்டெலுக்காகச் செய்த ஆப் எம் வரிசை மேக்குகளில் ரொசெட்டா (இன்டெல் ஆப்களை மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் மென்பொருள்) மூலம் ஓடும். முதல் முறை திறக்கும்போது அதை நிறுவவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். 32-பிட் காலத்து (பழைய வகை) ஆப்கள் மட்டும் கேட்டலினாவிலிருந்து எந்த மேக்கிலும் ஓடாது, அதற்கு மாற்று ஆப் தேடுவதைத் தவிர வழியில்லை.

இனி, புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆப் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் "புதிய பதிப்பு உள்ளது" என்று சொல்லி, அப்டேட் கொடுத்தால் எழுத முடியாத இடத்திலிருந்து ஓடுவதால் புதுப்பிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி நின்றுவிடும். என்ன நடந்திருக்கிறது என்றால், டிஎம்ஜி கோப்பைத் திறந்ததும் வருகிற சின்ன ஜன்னலில் ஆப் ஐகான் ஒரு பக்கம், "அப்ளிகேஷன்ஸ்" கோப்புறை இன்னொரு பக்கம், நடுவில் ஒரு அம்புக்குறி இருக்குமே, அதில் ஐகானை இழுத்து அந்தக் கோப்புறை மேல் போடாமல், ஐகானையே இரண்டு முறை சொடுக்கி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். டிஎம்ஜி என்பது வாசிக்க மட்டும் முடிகிற டிஸ்க் பிம்பம், அதற்குள் இருக்கும் ஆப் தன்னையே மாற்றி எழுதிக்கொள்ள முடியாது. டவுன்லோட்ஸில் அவிழ்த்த இடத்திலிருந்தே ஓட்டினாலும் இதே கதைதான். பாதுகாப்புக்காக மேக் அதை எழுத முடியாத ஒரு மறைவான இடத்திலிருந்து ஓட்டுகிறது. தீர்வு சுலபம். ஆப்பை மூடுங்கள், ஃபைண்டரில் அதைப் பிடித்து அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு இழுத்துப் போடுங்கள், டெஸ்க்டாப்பில் தெரியும் டிஎம்ஜி டிஸ்கை "இஜெக்ட்" செய்யுங்கள், டாக்கில் பழைய ஐகான் இருந்தால் எடுத்துவிட்டு அப்ளிகேஷன்ஸிலிருந்து திறங்கள். அப்டேட் கொடுத்துப் பாருங்கள், ஓடிவிடும்.

அப்படியும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாத ஆப் என்றால் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி"யில் "ஆப் மேனேஜ்மென்ட்" என்ற பகுதியைப் பாருங்கள். வென்ச்சுரா பதிப்பிலிருந்து ஒரு ஆப் இன்னொரு ஆப்பை மாற்ற இங்கே அனுமதி வேண்டும். அறிந்த நிறுவனத்தின் அப்டேட்டர் என்றால் அதை இயக்கலாம்.

பிகேஜி வகைக் கோப்பு (இன்ஸ்டாலர் ஜன்னலில் படிப்படியாக நிறுவுவது) "நிறுவல் தோல்வி" என்று மொட்டையாகச் சொல்லி நின்றால், அந்த ஜன்னலை மூடும் முன் மேலே "விண்டோ" மெனுவில் "இன்ஸ்டாலர் லாக்" திறந்து, பிழைகள் மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். பத்துப் பதினைந்து வரி வரும், முழுவதும் புரியவேண்டியதில்லை. இடம் போதவில்லை, அனுமதி இல்லை, இந்தப் பதிப்புக்கு ஆகாது என்ற பொருளில் ஏதாவது ஒரு வரி கண்ணில் படும், அதுவே போதும். பிரின்டர், ஆடியோ கருவி போன்றவற்றின் மென்பொருள் என்றால் நிறுவிய கையோடு "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி"யில் "அலவ்" கேட்டுக் காத்திருக்கும். அதைக் கவனிக்காமல் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

சிஸ்டம் அப்டேட் நடுவில் நின்றால்

முதல் பயம் எல்லாருக்கும் ஒன்றுதான், இப்போது அணைத்தால் மேக் போய்விடுமா என்று. பிக் சர் முதல் மேக் ஓஎஸ் இருக்கும் பகுதி முத்திரையிட்டுப் பூட்டியது. அப்டேட் அதைப் பிரித்து மேய்வதில்லை. குடியிருக்கும் வீட்டை விட்டு நகராமலே பக்கத்தில் புது வீடு கட்டி, பூச்சு காய்ந்த பிறகு சாவியை மாற்றிக்கொள்வது போலத் தனியாகத் தயார்செய்து, சரிபார்த்து, கடைசியில்தான் மாறிக்கொள்கிறது. அதனால் நடுவில் தோற்றாலும் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே மேக் எழுந்து நிற்கும். அதற்காக அவசரப்பட்டு அணைக்கவும் வேண்டாம். "பிரிப்பேரிங்" என்ற கட்டம் வெகுநேரம் இழுக்கும், திரை பல முறை கருத்துப் போகும், பட்டை முழுவதும் போய் மறுபடி முதலிலிருந்து வரும், இவையெல்லாம் வழக்கம்தான். மேக்புக் என்றால் சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தே வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையிலும் ஒரு அசைவும் இல்லை என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி வரை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி இயக்குங்கள்.

"அப்டேட்டைப் பர்சனலைஸ் செய்ய முடியவில்லை" என்ற செய்தி பலரைக் குழப்புகிறது. எம் வரிசை மேக்குகளில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும், இந்தக் குறிப்பிட்ட மேக்குக்கென்று ஆப்பிளின் சர்வர் ஒரு ஒப்புதல் தரவேண்டும். அந்தச் சர்வரை எட்ட முடியாதபோதுதான் பெரும்பாலும் இந்தச் செய்தி, ஆகவே மறுபடி விபிஎன், டிஎன்எஸ், வேறு வைஃபை என்ற வரிசைதான்.

இனி நான் போகச் சொல்லும் வரிசை இது, ஒவ்வொன்றுக்கும் பின் அப்டேட்டை ஒரு முறை முயன்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

மேக்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹப், வெளி டிஸ்க், பிரின்டர் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் "இன்ஸ்டால் மேக் ஓஎஸ்" என்று தொடங்கும் பாதி இறங்கிய நிறுவி இருந்தால் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பிறகு சேஃப் மோட். எம் வரிசை மேக்கை முழுதாக அணைத்து, ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ் வரும் வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டைப் பிடித்தபடி "கன்டின்யூ இன் சேஃப் மோட்" சொடுக்குங்கள். இன்டெல் மேக்கில் இயக்கியவுடன் ஷிஃப்டைப் பிடித்தாலே போதும். லாகின் திரையின் மேல் மூலையில் "சேஃப் பூட்" என்று தெரிந்தால் சரியாக வந்துவிட்டீர்கள். இதில் வெளி நிறுவனங்களின் எக்ஸ்டென்ஷன்கள் (சிஸ்டத்தோடு சேரும் துணை நிரல்கள்) ஏறாது, சில கேஷ் (தற்காலிக) கோப்புகளும் துடைக்கப்படும், அப்டேட் அங்கிருந்தே பல முறை நன்றாகப் போய்விடும்.

அதுவும் ஆகவில்லை என்றால் டிஸ்கைச் சோதிக்கவேண்டும். ரிக்கவரிக்குப் போங்கள்: எம் வரிசையில் அதே பவர் பட்டன் முறை, "ஆப்ஷன்ஸ்", "கன்டின்யூ", இன்டெலில் இயக்கியதும் கமாண்டும் ஆர் விசையும். டிஸ்க் யுட்டிலிட்டியில் "வியூ", "ஷோ ஆல் டிவைசஸ்" போட்டு, உள்ளே இருக்கும் வால்யூம்களில் தொடங்கி, பிறகு கன்டெய்னர் (வால்யூம்களை அடக்கிய பகுதி), கடைசியில் டிஸ்க் என்று கீழிருந்து மேலாக "ஃபர்ஸ்ட் எய்ட்" ஓட்டுங்கள். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் அத்தோடு அப்டேட் முயற்சியை நிறுத்திவிட்டு, எடுக்க முடிந்த கோப்புகளையெல்லாம் முதலில் வெளியே எடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால் அதே ரிக்கவரித் திரையில் "ரீஇன்ஸ்டால் மேக் ஓஎஸ்" இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இது உங்கள் கோப்புகளையோ ஆப்களையோ அழிக்காது, சிஸ்டத்தை மட்டும் புதிதாக எழுதும். அழிப்பது டிஸ்க் யுட்டிலிட்டியில் இருக்கும் "இரேஸ்", அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இன்னும் சில

ஆப் ஸ்டோரில் அப்டேட் சுற்றிக்கொண்டே இருந்தால், "ஸ்டோர்" மெனுவில் சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். வேறொருவரின் ஆப்பிள் கணக்கில் வாங்கிய ஆப் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத்தான் கேட்கும், இரண்டாம் கையாக வாங்கிய மேக்குகளில் இது சகஜம். ஆப்பை நீக்கிவிட்டு உங்கள் கணக்கில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவச ஆப்புக்கும் "வெரிஃபிகேஷன் ரிக்வயர்டு" என்று வந்தால் கணக்கில் உள்ள கார்டு காலாவதியாகியிருக்கிறதா, பழைய பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

புதிய பதிப்பே காட்டவில்லை என்றால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு, அதிலும் 2019, 2020 காலத்துச் சில மாடல்களுக்கு மட்டும். அலுவலகம் கொடுத்த மேக் என்றால் நிர்வாகிகள் அப்டேட்டை 90 நாள் வரை தள்ளிப்போட முடியும்; "ஜெனரல்" பகுதியில் "டிவைஸ் மேனேஜ்மென்ட்" என்று ஒன்று தெரிந்தால் உங்கள் ஐடி துறையிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் நீக்காதீர்கள்.

வேலைக்கு நம்பியிருக்கும் மேக்கில் புதிய பதிப்பை முதல் நாளே போடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2024 மார்ச்சில் வந்த சொனோமா 14.4-இல் எம் வரிசை மேக்குகளில் ஜாவா நிரல்கள் திடீரென்று நின்றுபோயின, சிலருக்கு யுஎஸ்பி ஹப்புகள் வேலை செய்யவில்லை. அதே மாதக் கடைசியில் 14.4.1 வந்துதான் சரியானது. பாதுகாப்புத் திருத்தங்களை உடனே போடுங்கள், பெரிய பதிப்பு மாற்றத்துக்கு மட்டும் சில வாரம் பொறுங்கள்.

எல்லாம் முடிந்து, இயக்கினால் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி மட்டும் தெரிகிறதா? அப்டேட்டின்போது ஃபர்ம்வேர் (மேக்கை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பாதியில் நின்றிருக்கிறது. சொனோமா அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள இன்னொரு மேக்கும், சார்ஜும் டேட்டாவும் இரண்டும் கடத்தும் யுஎஸ்பி-சி கேபிளும் (தண்டர்போல்ட் 3 கேபிள் ஆகாது) இருந்தால் ஃபைண்டர் வழியாகவே மீட்கலாம். எந்த போர்ட்டில் செருகவேண்டும், எந்த விசைகளைப் பிடிக்கவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆப்பிளின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடலைப் பார்த்துச் செய்யுங்கள். அங்கே இரண்டு பொத்தான் இருக்கும். "ரிவைவ்" ஃபர்ம்வேரை மட்டும் சரிசெய்யும், கோப்புகள் அப்படியே இருக்கும். "ரீஸ்டோர்" எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் ரிவைவ் மட்டும் கொடுங்கள். சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்றாலும், ரீஸ்டோர் செய்யும் முன் ரிவைவ் முயன்றுபார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கையில் பேக்கப் இல்லை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.